ஞானப்பூ கேட்ட ஒரு வருஷம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "உங்கள் கதைகளில் வழக்கமாக இருக்கும் குளிர்ச்சி இதில் இல்லையே" என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.

போன மாதம் கிள்ளானில் ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாலி ஏறி, பாட்டு முடிந்து, ஜனங்களின் மூக்கு சாப்பாட்டுப் பக்கம் திரும்பிய நேரத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் எழுந்து மணப்பெண்ணுக்குப் புத்தி சொன்னார்.

"மகளே, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரயில்வே கிராணியின் மனைவி இருந்தாள். புருஷன் முன்கோபி. கை நீளும். அவளோ வாய் திறக்கவில்லை. ஏழு வருஷம் பொறுத்தாள். கடைசியில் அவன் மனம் மாறி, சபைக்கே மூப்பரானான். அந்தப் பொறுமையை ஆண்டவர் உனக்கும் தருவாராக."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தும் ஒரு வார்த்தை, 'கையை அடக்கு' என்றாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். பிரசங்கியார் உட்கார்ந்துவிட்டார்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்தேன்.

"ஐயா, அந்த அம்மா பேர் என்ன?"

"எந்த அம்மா?"

"ஏழு வருஷம் பொறுத்த அம்மா."

"பேரெல்லாம் யாரும்மா ஞாபகம் வச்சிருக்கா? எனக்கு இன்னொருத்தர் சொன்னது. ஆனா பாருங்க, எங்க போய்ச் சொன்னாலும் பொம்பளைங்க அழுதுருவாங்க."

கோலாலம்பூருக்குத் திரும்பும் ரயிலில் அவளுக்குப் பேர் வைத்தேன். ஞானப்பூ. இனி வருவதெல்லாம் என் கற்பனை. ஏழு வருஷத்தை நாலு வரியில் சுருட்டிச் சொல்ல அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விரித்துச் சொல்ல நானும் கேட்கப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்: "பொழுது புலர்ந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குயிலொன்று—"

வேண்டாம். குயில் கூவினாலும் அங்கே எஞ்சின் சத்தத்தில் கேட்காது.

இரண்டாம் தொடக்கம்: "அவள் கூந்தல் முழங்காலைத் தொடும். அதை அவள் பின்னி முடிக்கும் அழகை—"

இதையும் அடித்துவிட்டேன். என் வாசகர்களுக்குக் கூந்தல் பிடிக்கும், தெரியும். ஆனால் இந்தக் கதையில் கூந்தலுக்கு ஒரே உபயோகம்தான். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

ஞானப்பூ கொடியிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்தபோது தோளில் கரிப்பொட்டு இருந்தது.

ரயில்வே குவாட்டர்ஸில் வெள்ளைத் துணி காயப்போடுவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். எந்த வண்டி எப்போது போகும் என்று காதிலேயே கணக்கு வைத்திருந்து, புகை வருவதற்கு முன் ஓடிப்போய் எடுத்துவிட வேண்டும். அன்று ஒரு சரக்கு வண்டி நேரந்தப்பி வந்துவிட்டது.

அவள் கணவர் வேதமாணிக்கம் கூட்ஸ் ஷெட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. திருநெல்வேலிக்காரர். கோட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இதைப் போட்டுக்கிட்டா நான் துரை முன்னால நிக்கணும்?"

"இன்னொண்ணு இருக்கு அத்தான். இப்பவே தேய்ச்சுத் தாரேன்."

"ஒனக்கு எத்தனை தடவை சொல்லணும்? ஏளா, எத்தனை தடவை?"

தரையில் கனன்றுகொண்டிருந்த கரி இஸ்திரிப் பெட்டியை அவர் எட்டி உதைத்தார். மூடி திறந்து நெருப்புத் துண்டுகள் அவள் பாதத்தில் சிதறின. அவள் கத்தவில்லை. கத்தினால் வரிசை முழுக்கக் கேட்கும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர்தான்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்து முகம் கழுவி, விளக்கேற்றி, பாய் விரித்து முழங்காலில் நின்றார். குடும்ப ஜெபம். அவருடைய குரல் நல்ல குரல். சபையில் அவர் ஜெபித்தால் கடைசி பெஞ்சுவரை கேட்கும். வீட்டிலும் அதே குரல்தான்.

"ஆண்டவரே, அடியேன் இன்னைக்குக் கோபப்பட்டுட்டேன். என்னை மன்னியும். இந்தப் பிள்ளைக்குப் பொறுமையைத் தாரும். இந்த வீட்டுக்குச் சமாதானத்தைத் தாரும்."

கண்ணீர் தாடையில் வழிந்தது. நிறுத்தினார். காத்திருந்தார்.

எண்ணெய் தடவிய காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஞானப்பூ, "ஆமென்" என்றாள்.

அவ்வளவுதான், தீர்ந்தது. "சாப்பாடு எடுத்து வையி," என்றார் இளகிய குரலில், பாரம் இறங்கியவராக. இறங்கிய பாரம் யார் தலையில் ஏறியது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

(ஓரக்குறிப்பு: இவர்களுக்கு ஒரு குழந்தையைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்தால் நீங்கள் குழந்தைக்காக அழுவீர்கள். எனக்கு நீங்கள் இவளுக்காகக் கோபப்பட வேண்டும். ஆகவே குழந்தை இல்லை.)

4

வேதமாணிக்கத்தை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசையும் ரகசியக் குடியும் கொடுத்து வேஷதாரி ஆக்கினேன். எழுத எழுதச் சுகமாக இருந்தது. பிறகு அதெல்லாம் பொய் என்று தோன்றி எடுத்துவிட்டேன்.

உண்மை இது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வரை அவர் கள்ளுக்கடையே கதியென்று கிடந்தவர். ஓர் எழுப்புதல் கூட்டத்தில் அழுது எழுந்தார். அன்றோடு குடி போயிற்று. ஒரு சொட்டு தொடவில்லை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சபையில் சாட்சி சொல்லும்போதெல்லாம், "ஒரே நாளில் ஆண்டவர் என்னைப் புது மனுஷன் ஆக்கினார்," என்பார்.

வினையே அந்த ஒரே நாளில்தான் இருந்தது. குடி ஒரு நாளில் போனதால் எல்லாமே ஒரு நாளில் போய்விட்டது என்று நம்பினார். புது மனுஷனுக்குப் பழைய கோபம் எப்படி வரும்? வந்தால் அது அவருடையதல்ல. சாத்தானுடையது, கோட்டுடையது, ஞானப்பூவுடையது. அன்றன்று சாயங்காலம் அழுது கழுவிவிட்டால் போதும். வளர வேண்டியது எதுவும் அவருக்கு மிச்சமில்லை. வளர வேண்டியவள் அவள். அதனால்தான் தனக்கு மன்னிப்பும் அவளுக்குப் பொறுமையும் கேட்டார்.

பொறுமை என்ற சொல்லின் மேல் எனக்குப் பகை இல்லை. வேதத்தில் அந்தச் சொல் வரும் இடங்களை உட்கார்ந்து தேடினேன். அங்கே பெரும்பாலும் பொறுமையாக இருப்பவர் கடவுள். ஓங்கி அடிக்கச் சக்தி இருந்தும் கையை நிறுத்தி வைத்திருப்பவர். இன்னோரிடத்தில் ஒரு பயிர்க்காரன் மழைக்குக் காத்திருக்கிறான். அவன் பயிரை மிதித்துவிட்டு, "நீ பொறுமையாய் வளர்" என்று சொல்வதில்லை. கை ஓங்கக் கூடியவன்தான் பொறுக்க வேண்டும் என்று அத்தனை தெளிவாக இருப்பதை, எப்படி எல்லாரும் சேர்ந்து தலைகீழாக்கி ஒரு கல்யாணப் பெண்ணின் கழுத்தில் கட்டினார்கள்?

சரி. கதைக்கு வருகிறேன்.

5

பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அவள் புருஷன் ரெங்கசாமி செந்தூல் ரயில் பட்டறையில் வேலை. ஒரு காலையில் பொதுக் குழாயடியில் இரண்டு பெண்களும் குடத்தோடு நின்றார்கள்.

"ஞானக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கவா? ஆமென்னா என்னா?"

"அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். ஏன் கேக்க?"

"அப்படியா! நான் 'சரி, முடிஞ்சிச்சு, எந்திரி'ன்னு அர்த்தம்னு நினைச்சேன்." புஷ்பவல்லி சிரித்தாள். "நீங்க ஆமென் சொன்னாத்தான் எங்க வரிசையில எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாப்பாங்க. 'கிராணி வீட்டுல தீந்துருச்சு'ன்னு. எதிர்வீட்டு நாகையா அண்ணே ஆமென் கேட்டப்புறம்தான் சோத்துல கையே வைப்பாரு."

ஞானப்பூவுக்கு முகம் சுட்டது. குடத்தைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள்.

"அதுக்குச் சொல்லல அக்கா. நேத்து எங்க ஆளு கள்ளக் குடிச்சுட்டு வந்து வெளக்குமாத்தால ரெண்டு போட்டாரு. அது பழைய கதை. புதுசு என்னான்னா, போட்டுட்டு முட்டி போட்டாரு. மாரியாத்தா படத்துக்கு முன்னால. கண்ணுல தாரதாரயாத் தண்ணி. 'தாயே, இவளுக்குப் பொறுமையக் குடு'ங்கிறாரு. நான் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். திரும்பி, 'ஆமென் சொல்லுடி'ன்னு ஒரு அதட்டு!"

"மாரியாத்தாவுக்கா?"

"மாரியாத்தாவுக்குத்தான்!"

ஞானப்பூவும் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நீ சொன்னியா?"

"சொல்லாம? சொன்னதும் குறட்டை விட்டுத் தூங்கிட்டாரு. எனக்குத்தான் தூக்கம் வரல." புஷ்பவல்லி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "உங்க வேதம் நல்ல வேதம் அக்கா. அடிக்கிறவனுக்கு ரொம்ப வசதி."

குடம் நிரம்பி வழிந்து ஞானப்பூவின் காலை நனைத்தது. ஏழு வருஷமாகத் தான் வீட்டுக்குள் பொறுத்துக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். அது அங்கேயே நிற்கவில்லை. பலகைச் சுவரைத் தாண்டிப் போய் இன்னொரு ஆணுக்கு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறது. பழி சுமந்ததெல்லாம் கடவுளின் பேர்.

(இங்கே "அவள் மனம் எரிமலையாய்—" என்று எழுதினேன். எரிமலை வேண்டாம். அவள் குழாயை மூடினாள். திருகு வலிக்கும்வரை இறுக்கி மூடினாள்.)

6

அந்த வாரமே காப்பி ஆறிப்போனதற்கு ஓர் அறை விழுந்தது. சாயங்காலம் பாய் விரிந்தது.

"...இந்த வீட்டுக்குச் சமாதானத்தைத் தாரும்."

காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"இந்த வீட்டுக்குச் சமாதானத்தைத் தாரும்!" என்றார் மறுபடி, கொஞ்சம் உரக்க.

சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள். நாகையாவின் சோறு அன்று ஆறியிருக்கும்.

"ஏளா, சொல்லு," என்றார் அடிக்குரலில்.

"முடியல அத்தான்."

"ஆமென் சொல்லக்கூட முடியாத அளவுக்கு என்ன கசப்பு ஒனக்கு?"

"கசப்பு இல்ல. பொய் சொல்ல முடியல."

பிறகு முதன்முறையாக அவள் தன் வாயால் ஜெபித்தாள். "ஆண்டவரே, எனக்கு ரொம்பக் கோவமா இருக்கு. இந்தக் கோவத்துல நான் கெட்டுப்போயிராம என்னைப் பாத்துக்கிடும்." அவ்வளவுதான் ஜெபம். அவர் எழுந்து, சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் ஆமென் சொல்லவில்லை. என் நாயகிகள் பொதுவாகக் குற்றமற்றவர்கள், இவள் அப்படியல்ல. முன்பெல்லாம் அடி வாங்கிய மறுநாள் குழம்பில் ஒரு கை உப்பு கூடுதலாக விழும். அவர் முகம் சுளிப்பதைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது உப்பு சரியாக விழுந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டவளுக்கு உப்பு தேவைப்படவில்லை. இந்த ஒரு சின்ன மாற்றத்துக்கே அவளுக்குப் பல மாதம் பிடித்தது. யாரும் அதைச் சாட்சியாகச் சொல்லவில்லை.

7

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் இராப்போஜனப் பந்திக்குப் போகிறவர்கள் சனிக்கிழமையே போதகரிடம் பேர் கொடுக்க வேண்டும். அவர் ஒரே கேள்வி கேட்பார்: "எல்லாரோடும் ஒப்புரவாய் இருக்கிறாயா?" யாரோடாவது சண்டை என்றால், தீர்த்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார். இதுவரை இரண்டு பேருக்கும் சேர்த்து வேதமாணிக்கமே பதில் சொல்லிப் பேர் கொடுத்து வந்தார்.

இந்தத் தடவை அப்படி முடியாது. அவரை மூப்பராக நியமிக்கப் பினாங்கிலிருந்து மிஷனரி துரை வருகிறார். மூப்பராகிறவர் மனைவியோடு சேர்ந்து பந்திக்கு வர வேண்டும். அதற்கு இருவரும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

போதகர் பாக்கியநாதன் நல்லவர். நல்லவர்கள்தான் இந்தக் கதையில் எனக்கு அதிகக் கோபம் மூட்டுகிறார்கள்.

"வாங்க, வாங்க. உக்காரும்மா. நாளைக்குப் பெரிய நாள். வழக்கத்துக்குக் கேக்கேன். எல்லாரோடயும் ஒப்புரவா இருக்கியா?"

"இல்லைங்கய்யா."

போதகர் புன்னகையை எடுக்க மறந்துபோனார். "யாரோட?"

"இவரோட."

வேதமாணிக்கம் பெருமூச்சு விட்டார். "கொஞ்ச நாளாவே இப்படித்தான் ஐயா. ஜெபத்துல ஆமென்கூடச் சொல்றதில்ல. நானும் பொறுமையாத்தான் இருக்கேன்."

(இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். வாசல்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன். வரி அப்படியே இருந்தது.)

"ஞானப்பூ," என்றார் போதகர் கனிவாக. "அவருக்குக் கோவம் ஜாஸ்திதான், எனக்குத் தெரியாதா? ஆனா எவ்வளவு வளந்திருக்கார் பாரு. எப்படிக் கிடந்த மனுஷன்! நீயும் கொஞ்சம் வளர வேண்டாமா? ஏழு வருஷம் பொறுத்தவ, இன்னும் ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

அப்போது வேதமாணிக்கம் முழங்காலில் விழுந்தார். அந்தச் சிமெண்டுத் தரையில், அந்த நல்ல குரலில், தன் கோபத்தையெல்லாம் அறிக்கையிட்டு அழுதார். போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

அந்தக் கண்ணீர் நிஜம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும். அவர் எழுந்துவிடுவார், எல்லாரும் சிரிப்பார்கள், காப்பி வந்துவிடும்.

"ஐயா, என்கிட்ட ஏழு வருஷம் பொறுமை கேட்டீங்க. கொடுத்தேன். இப்ப நான் கேக்கேன். எனக்கு ஒரு வருஷம் பொறுங்க."

"என்னம்மா சொல்லுத?"

"ஒரு வருஷம் இவர் என்மேல கை வைக்காம இருக்கட்டும். கோவம் வரட்டும். வந்தா எந்திரிச்சு வெளிய போகட்டும். திரும்பி வந்து அழ வேண்டாம், முட்டி போட வேண்டாம். அடுத்த வருஷம் நானே இவரைக் கூட்டிக்கிட்டு வந்து ரெண்டு பேரும் பேர் கொடுக்கோம். நடுவுல ஒரு தடவை கை ஓங்கினா அன்னைக்கே கிள்ளானுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

"ஒரு வருஷமா!" என்றார்கள் இரண்டு ஆண்களும் ஒரே குரலில்.

"துரை நாளைக்கு வாராரேம்மா. தந்தியே குடுத்தாச்சு."

"ஏழு வருஷம் எனக்கு நீளமில்லன்னீங்க. ஒரு வருஷம் உங்களுக்கு நீளமா இருக்கே ஐயா." அவள் குரல் உயர்ந்தது. அதை அவள் இறக்கவில்லை. "வளந்திருக்காருன்னீங்க. அழுறதுல அது எப்படித் தெரியும்? அடுத்த தடவை காப்பி ஆறும்போதுல்லா தெரியும்!"

வேதமாணிக்கம் இன்னும் முழங்காலில்தான் இருந்தார். எழுந்திருப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு நேரம் அவர் முழங்காலில் நின்றதே இல்லை.

8

முடிவுகள்.

பிரசங்கியாரின் முடிவை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

என்னுடைய வழக்கமான முடிவு: வீடு திரும்பும் வழியில் அவர் அவள் பாதத்துத் தழும்பைப் பார்க்கிறார், மனம் உடைகிறது, நிலா, "இனி ஒருபோதும்—" இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவும் வந்தது. கிழித்துவிட்டேன். மறுபடி ஒரே நாளில் ஒரு புது மனுஷன்! அந்தச் சரக்கு போதும் போதும் என்று இருக்கிறது.

என் கோபம் கேட்கும் முடிவு: அன்றே அவள் கிள்ளான் ரயிலில் ஏறிவிடுகிறாள். ஏற்றிப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "நான் சொன்ன சொல் என்ன ஆவுறது?" என்று என்னைக் கேட்டாள். வாய்ப்பு கொடுப்பதாகச் சொன்னவள் அவள். எடுத்துக்கொள்வதும் எடுத்துக்கொள்ளாததும் அவர் பாடு. அவசரப்பட்டு அவளை அனுப்ப நான் யார்? இறக்கிவிட்டேன்.

ஆகவே, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

9

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். நியமனம் நடக்கவில்லை. "ஒரு வருஷம் தள்ளி வைத்திருக்கிறது," என்று மட்டும் போதகர் அறிவித்தார். அவர் சொந்தமாக எடுத்த தைரியம் அல்ல அது. சபை விதி அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. ஜனங்கள் வரிசையாகப் பந்திக்கு எழுந்தபோது ஞானப்பூ கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். ஆண்கள் பக்கத்தில் வேதமாணிக்கமும் உட்கார்ந்திருந்தார், எல்லாரும் பார்க்க. "பிடிவாதக்காரி," என்று ஒருத்தி பல்லுக்குள் சொன்னது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

அவள் முன்னால் நடந்து வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். அவர் பிந்தி வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"திருப்தியா ஒனக்கு? ஊர் முன்னால என்னைக் கேவலப்படுத்தியாச்சுல்லா?"

அவள் திரும்பினாள். அவர் முகம் அவளுக்குத் தெரிந்த அந்த நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் புஷ்பவல்லி வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று.

"கோவம் வந்தா வெளிய போங்க அத்தான்," என்றாள். நின்ற இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.

அவர் கை

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

நீங்கள் திட்டுவது கேட்கிறது. கை மேலே போனதா, கதவுக்குப் போனதா, அதையாவது சொல் என்கிறீர்கள். கதவுக்குப் போனது என்றால், "பார், மாறிவிட்டான்" என்று நிம்மதியாக மூடி வைத்துவிடுவீர்கள். அது முதல் நாள்; மறுநாளும் கோபம் வரும், அதற்கு மறுநாளும் வரும் என்பது உங்களுக்கு வேண்டாம். மேலே போனது என்றால் அவளுக்காகக் கொஞ்சம் அழுதுவிட்டு மூடி வைத்துவிடுவீர்கள். இரண்டில் எதுவானாலும் உங்களுக்கு இன்றே, இந்தப் பக்கத்திலேயே, வேண்டும். துரை நாளைக்கு வருகிறாரே என்று தவித்த அந்த இரண்டு பேருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஒருவன் வளர்ந்தானா என்பதைக் கதை எழுதுகிறவள் சொல்ல முடியாது. அவன் கூடவே இருக்கிறவள்தான் சொல்ல முடியும். ஒரு வருஷம் கழித்துப் போய் அவளைக் கேளுங்கள். கிள்ளானில் அண்ணன் வீட்டில் இருந்தால் பதில் அதுதான். பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்து, "இன்னும் தெரியல" என்று சொன்னால், ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து இன்னும் ஒரு வருஷம் காத்திருங்கள்.